நிற்கச் சொன்ன இடத்திலிருந்து

காயல்பட்டினத்தில் நிக்காஹ் படம் எடுக்கப் போகிறவனுக்கு நடமாட இடம் கிடையாது. பள்ளிவாசலிலோ பந்தலிலோ விரிப்பு விரித்து ஊர்ப் பெரியவர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் மாப்பிள்ளை. அவருக்கு எதிரே பெண்ணின் பொறுப்பாளரான வலீ, பெரும்பாலும் வாப்பா. ஆலிம் குத்பா ஓதி முடித்ததும் இருவரும் கையைப் பிடித்துக்கொள்வார்கள், ஒப்படைப்பும் ஒப்புதலும் சொல்லப்படும். ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்தக் கைகள்தான் கல்யாணப் படம். அதற்காகப் பெரியவர்களின் தோளைத் தாண்டிக் காலை வைத்து முன்னால் போகிற புகைப்படக்காரனை இந்த ஊர் மறுதடவை கூப்பிடாது. நிற்கச் சொன்ன தூணோரத்தில் நின்றபடியே எடுக்க வேண்டும்.

முப்பது வருடத்துக்கு மேலாக இந்தக் கரையில் கேமராவோடு திரிகிறேன். ஆறுமுகநேரி, திருச்செந்தூர், புன்னைக்காயல், தூத்துக்குடி என்று கல்யாணம், கால்பந்து, சூரசம்ஹாரம், மாதா கோயில் சப்பரம் எல்லாம் எடுத்தாயிற்று. புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்கள் கடைக்கு வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "காக்கா, 2.8 டெலி ஜூம் ஒண்ணு எடுக்கணும், எது எடுக்கலாம்?" கையில் இருப்பது சிறிய சென்சார் உள்ள கிராப் பாடி. அண்ணன் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பியதாகவோ, கடன் போட்டு எடுத்ததாகவோ இருக்கும். கம்பெனிப் பெயரை நான் எடுத்ததும் சொல்வதில்லை. "எங்க நின்னு எடுக்கப் போற வாப்பா?" என்று திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் இல்லாமல் வாங்கினால், ஒரு லட்ச ரூபாய் லென்ஸ் பைக்குள்ளேயே கிடக்கும்.

ஃபிலிம் காலத்தில் தேர்வுக்கே அதிகம் இடமில்லை. எஃப்எம்2 போன்ற ஒரு கேமரா, 50 மி.மீ. லென்ஸ் ஒன்று, 70-210 ஜூம் ஒன்று, ஃப்ளாஷ். இவ்வளவுதான் கல்யாணப் பை. அந்த ஜூமை முழுக்க நீட்டினால் அப்பர்ச்சர் 5.6-க்கு இறங்கிவிடும். 400 ஏஎஸ்ஏ ரோல் போட்டு டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தால் ஷட்டர் 1/15-ஐத் தாண்டாது. ஃப்ளாஷ் அடித்தே தீர வேண்டும். குத்பா ஓதும்போது முகத்துக்கு நேரே ஃப்ளாஷ் மின்னுவதைப் பெரியவர்கள் விரும்புவதில்லை, அது நியாயம்தான். அதனால் அந்தக் காலத்து ஆல்பங்களில் கை பிடிக்கும் படம் பலவும், நிக்காஹ் முடிந்தபிறகு "இன்னொரு தடவை பிடிச்சுக் காட்டுங்க" என்று கேட்டு எடுத்ததாக இருக்கும். பார்த்தாலே தெரியும். மாப்பிள்ளை முகத்தில் சிரிப்பு இருக்கும், அந்த நேரத்துப் படபடப்பு இருக்காது.

2003-ல் கேனன் 300டி, 2004-ல் நிக்கான் டி70. இந்த இரண்டும் வந்தபிறகுதான் எங்கள் பக்கத்து ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக டிஜிட்டலுக்கு மாறின. பழைய லென்ஸைப் புதுப் பாடியில் மாட்டியவர்களுக்கு முதல் நாளே அதிர்ச்சி. கூடத்தில் நின்று குடும்பப் படம் எடுத்துக்கொண்டிருந்த 50 மி.மீ. லென்ஸில் பாதிக் குடும்பம் வெளியே நின்றது. சென்சார் ஃபிலிமைவிடச் சிறியது. லென்ஸ் விழச்செய்யும் படத்தில் நடுப்பகுதியை மட்டும்தான் அது எடுத்துக்கொள்ளும். நிக்கானில் ஒன்றரை மடங்கு, கேனனில் 1.6 மடங்கு கிட்டப் போனது போல இருக்கும்.

டெலி லென்ஸுக்கு இது லாபம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். 200 மி.மீ. லென்ஸ் 300 ஆகிவிட்டதே, சும்மா கிடைத்ததுதானே என்றார்கள். சும்மா கிடைக்கவில்லை. 70-200 என்ற அளவு 35 மி.மீ. ஃபிலிமுக்கென்று பத்திரிகைக்காரர்களும் கல்யாணக்காரர்களும் பழகிப் பழகி நிலைத்த அளவு. 70-ல் பக்கத்தில் இருப்பவர்களை எடுக்கலாம், 200-ல் மேடையை எட்டலாம். கிராப் பாடியில் அது 105-லிருந்து 300 வரை என்று ஆகிவிட்டது. மேலே கூடியது கண்ணில் பட்டது, கீழே போனது படவில்லை. கணக்குச் சொல்கிறேன். மூன்று மீட்டர் தூரத்தில் நின்று கிராப் பாடியில் 70 மி.மீ. வைத்துப் பார்த்தால் சட்டத்துக்குள் வருவது ஒரு மீட்டர் அகலம்தான். மாப்பிள்ளையும் வலீயும் நெருங்கி உட்கார்ந்தால் அடங்குவார்கள், ஆலிம் வெளியே போய்விடுவார். பின்னால் போகலாம் என்றால் முதுகில் சுவர். 50 மி.மீ. என்றால் அதே இடத்திலிருந்து 1.4 மீட்டர் அகலம் கிடைக்கும். மூவரும் உள்ளே வந்துவிடுவார்கள். எங்கள் ஊர்க் கூடங்களில் இந்த 40 சென்டிமீட்டர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இதைப் புரிந்துகொண்டு லென்ஸ் செய்தவர்கள் உண்டு. 2006-ல் சிக்மா 50-150 எஃப்/2.8 வந்தது. டோக்கினா 50-135, அதன் உறவுக்காரனாக பென்டாக்ஸ் 50-135 வந்தன. கிராப் பாடியில் இவைதான் உண்மையான 70-200. சிக்மாவின் முதல் 50-150 முக்கால் கிலோவைச் சற்றே தாண்டும். பெரிய கம்பெனிகளின் 70-200 எஃப்/2.8 ஒன்றரை கிலோ. விலையும் பாதிக்குக் கீழே. காலை பத்து மணிக்குப் பந்தலுக்குள் போய், இரவு மாப்பிள்ளை ஊர்வலம் முடியும்வரை கழுத்தில் தொங்குவது முக்கால் கிலோவா ஒன்றரைக் கிலோவா என்பதை, ஒரு முழுக் கல்யாணம் எடுத்தவன் தோளைத் தொட்டுப் பார்த்துச் சொல்வான்.

நிக்கானும் கேனனும் கிராப் பாடிக்கென்றே 17-55 எஃப்/2.8 செய்தன. ஆனால் கிராப் பாடிக்கென்று ஒரு 2.8 டெலி ஜூமை இரண்டு கம்பெனியும் கடைசிவரை செய்யவில்லை. கிராப் பாடி வாங்குகிறவன் எப்படியும் ஒருநாள் ஃபிலிம் அளவு சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேமுக்குப் போய்விடுவான், அப்போது 70-200-ஐயே வாங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள் என்பது என் கணிப்பு. சிறிய ஊர் ஸ்டுடியோக்காரன் பத்து வருடம் ஒரே கிராப் பாடியில் பிழைக்கிறான் என்பது அவர்கள் கணக்கில் வரவில்லை. சிக்மாவும் பிறகு ஸ்டெபிலைசர் சேர்த்த 50-150 ஒன்றைக் கொண்டுவந்தது. எடை 1.3 கிலோவுக்கு மேல் ஏறிவிட்டது. சிறியதாக இருந்ததுதான் அதன் பெருமை, அது போய்விட்டது. 2016-ல் வந்த 50-100 எஃப்/1.8 வெளிச்சத்தில் அசாத்தியமான லென்ஸ், ஆனால் ஒன்றரை கிலோ, ஸ்டெபிலைசரும் இல்லை.

மறுபடி அந்தக் கைகளுக்கு வருகிறேன். நாலு மீட்டர் தூரம், 135 மி.மீ., எஃப்/2.8. ஐஎஸ்ஓ 1600-ல் டியூப் லைட் வெளிச்சத்துக்கு 1/160 கிடைத்துவிடும், ஃப்ளாஷ் வேண்டாம். இதற்காகத்தான் இந்த லென்ஸுக்கு இவ்வளவு பணம். ஆனால் அந்த அளவில் தெளிவாக விழுவது முன்னும் பின்னுமாகச் சுமார் பத்து சென்டிமீட்டர்தான். மாப்பிள்ளையின் விரலில் ஃபோகஸ் வைத்தால் வலீயின் கட்டைவிரல் தெளிவாக இருக்கும், அவர் கண்ணில் நிற்கிற நீர் கலங்கிப் போகும். மகளைக் கொடுக்கிற வாப்பாவின் கண்ணைக் கலங்கலாக எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வராது. அங்கே எஃப்/4-க்கு மூடிவிட்டு, 1/80 ஷட்டரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பேன். அப்படியானால் எஃப்/4 லென்ஸே போதுமே என்று கேட்பார்கள். படம் எடுக்கும் நொடிவரை லென்ஸ் முழுதாகத் திறந்துதான் இருக்கும். ஃபோகஸ் பிடிப்பது அந்தத் திறந்த வாய் வழியாக வரும் வெளிச்சத்தில். கேனன் 40டி போன்ற பாடிகளில் நடுப் புள்ளி 2.8 லென்ஸ் மாட்டினால்தான் முழுக் கூர்மையோடு வேலை செய்யும். மங்கலான பந்தலில் லென்ஸ் ஃபோகஸ் தேடி முன்னும் பின்னும் அலையாமல் 'டக்'கென்று நிற்பதற்கு அந்த ஒரு படி வெளிச்சம் உதவும்.

நிக்காஹ் ஒருபக்கம் என்றால், எனக்கு லென்ஸ் பாடம் சொல்லிக் கொடுத்தது ஐக்கிய விளையாட்டுச் சங்க மைதானம். கோடை வந்தால் அங்கே மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவு அகில இந்தியக் கால்பந்துப் போட்டி நடக்கும். ஊரே மாலையில் அங்கேதான். வெளிநாட்டில் இருப்பவர்கள் அதற்கென்றே விடுப்புப் போட்டு வருவார்கள். ஆட்டம் தொடங்கும்போது நல்ல வெயில், எந்த லென்ஸிலும் படம் வரும். கிட் பாக்ஸில் வரும் 55-200-ல்கூட 1/1000 கிடைக்கும். இரண்டாம் பாதி பாதியைத் தாண்டும்போது வெயில் சாய்ந்துவிடும். கோல் விழுவதும், சண்டை வருவதும், கோப்பை முடிவாவதும் பெரும்பாலும் அந்த மங்கலில்தான். 2.8 லென்ஸில் 1/500 கிடைக்கிற வெளிச்சத்தில் 5.6 லென்ஸுக்குக் கிடைப்பது 1/125. ஓடுகிறவனின் முகம் 1/125-ல் ஓரளவு நிற்கும், கால் நிற்காது, பந்து வெள்ளைக் கோடாக இழுத்துக்கொண்டு போகும்.

கோல் போஸ்ட்டுக்குப் பக்கவாட்டில், கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து எடுப்பது என் வழக்கம். கிராப் பாடியில் 200 மி.மீ. வைத்து, கேமராவை நெட்டுவாக்கில் பிடித்தால், இருபது மீட்டர் தூரத்தில் வருகிற ஆட்டக்காரன் தலை முதல் பூட்ஸ் வரை சட்டத்துக்குள் சரியாக உட்காருவான். அந்தத் தூரத்தில் 2.8-லும் ஒரு மீட்டருக்கு மேல் ஆழம் தெளிவாகக் கிடைக்கும், காலும் பந்தும் முகமும் மூன்றும் தப்பும். பெனால்டி பகுதிக்குள் நடப்பது எல்லாம் இந்த எல்லைக்குள் அடங்கும். நடு மைதானத்தில் நடப்பதை விட்டுவிட வேண்டியதுதான். அங்கே ஆள் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வரமாட்டான். நிக்காஹுக்குப் பொருந்திய 50-150 இந்த இடத்தில் கொஞ்சம் குட்டை. இங்கே 70-200-ன் அந்த 300 உண்மையிலேயே லாபம். ஒரே ஊர், ஒரே பாடி, ஒரே ஆள். நிற்கிற இடம் மாறினால் லென்ஸ் மாறிவிடுகிறது.

ஸ்டெபிலைசர் பற்றி ஒரு வார்த்தை. தூத்துக்குடியிலிருந்து போட்டிக்கு வரும் மூத்த பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் ஒரு தடவை என் லென்ஸைக் கையில் வாங்கி, அதில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, இது உங்க கைய நிப்பாட்டும். ஓடுற காலை நிப்பாட்டாது" என்றார். கிராப் பாடியில் 200 மி.மீ. என்றால் கை நடுக்கத்துக்கே 1/300 வேண்டும், அதற்குக் கீழே போகும்போது ஸ்டெபிலைசர் பேருதவி. நிக்காஹில் அந்த சுவிட்சை நான் அணைக்கமாட்டேன். மைதானத்தில் ஷட்டர் 1/500-க்கு மேல் இருக்கையில் அது செய்கிற வேலை ஒன்றுமில்லை. விளையாட்டு மட்டும் எடுக்கிறவன் ஸ்டெபிலைசர் இல்லாத பழைய 80-200 எஃப்/2.8-ஐப் பாதி விலைக்கு வாங்கி, ஒரு மோனோபாடையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

ஆனால் அந்த 80-200-ல் ஒரு கண்ணி இருக்கிறது. நிக்கானின் பழைய லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. பாடியில் இருக்கும் மோட்டார் ஒரு திருகு வழியாக அதைச் சுழற்ற வேண்டும். டி70, டி80, டி90, டி7000 இவற்றில் அந்த மோட்டார் உண்டு. டி40, டி3000, டி5000 வரிசைகளில் கிடையாது. பையன்கள் கையில் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டம். லென்ஸ் மாட்டும், படமும் வரும், ஃபோகஸை மட்டும் கையால் திருக வேண்டும். அந்தி வெளிச்சத்தில் ஓடுகிறவனைக் கையால் ஃபோகஸ் பண்ணுவது நடக்கிற காரியமில்லை. எதிர்த்திசையிலும் ஒரு கண்ணி உண்டு. நிக்கானின் 2016-ஆம் வருடத்து 70-200-ல் அப்பர்ச்சர் மின்சாரத்தில் மூடித் திறக்கும். டி70, டி80, டி90 போன்றவை அதை இயக்கத் தெரியாதவை. லென்ஸின் பெயரைக் கேட்பதற்கு முன் பாடியின் பெயரை நான் கேட்பது இதற்காகத்தான்.

கிராப் பாடிக்காரர்களுக்கென்றே சந்தை ஒரு தடவை கண் திறந்தது. நிக்கானின் 2003-ஆம் வருடத்து 70-200 விஆர் நல்ல லென்ஸ். 2007-ல் டி3 என்ற ஃபுல் ஃப்ரேம் பாடி வந்ததும், அதில் மூலைகள் மங்குகின்றன என்று பேச்சு கிளம்பியது. 2009-ல் இரண்டாம் பதிப்பு வந்ததும் பெரிய ஸ்டுடியோக்காரர்கள் பழையதைத் தள்ளிவிட்டார்கள். கிராப் சென்சார் அந்த மூலைகளைத் தொடுவதே இல்லை. நடுப்பகுதி தெளிவோ தெளிவு. இந்தப் பக்கத்தில் அப்போது விவரம் தெரிந்தவர்கள் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள். இன்றும் டி7000, டி7200, டி500 வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல கொள்முதல், கண்ணாடி சுத்தமாக இருந்தால்.

சுத்தம் என்று சொன்னேனே, இந்தக் கரையில் அதுதான் பெரிய பேச்சு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழ்கிறோம். காற்றில் உப்பு, ஈரம் இரண்டும் உண்டு. கடற்கரையில் ஒரு மாலை நின்றுவிட்டு வந்து முன் கண்ணாடியை விரலால் தொட்டால் பிசுக்கென்று இருக்கும். அதைத் துணியால் வறட்டுத் துடைப்பாகத் துடைக்கக் கூடாது, உப்புத் துகள் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஊதி, பிறகு லேசாக ஈரம் காட்டி எடுக்க வேண்டும். ஜூம் செய்யும்போது மூக்கு நீளுகிற லென்ஸ் ஒவ்வொரு தடவையும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், காற்றோடு மணலும் போகும். பெரும்பாலான 70-200 எஃப்/2.8 லென்ஸ்களும் பழைய 50-150-ம் உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும், நீளாது. சென்னையில் ஏசி மண்டபத்தில் எடுக்கிறவனுக்கு இது பொருட்டில்லை. இங்கே லென்ஸின் ஆயுளே இதில்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த ஊர் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரையெல்லாம் வெள்ளக்காடு. தெருக்களில் தண்ணீர், மின்சாரம் இல்லை. உயிரும் உடைமையும் போன வீடுகளுக்கு முன்னால் லென்ஸ் ஒரு இழப்பே இல்லை, தெரியும். ஆனால் தொழில் என்று பார்த்தால், நனைந்த லென்ஸ்களைவிட நனையாத லென்ஸ்கள்தான் பிறகு அதிகம் கெட்டன. அலமாரியின் மேல்தட்டில் பத்திரமாக இருந்தவை அவை. மின்சாரம் இல்லாமல் டிரை கேபினெட் நின்றுபோய், மூடிய பெட்டிக்குள் ஈரம் தங்கிவிட்டது. சில வாரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, உள்கண்ணாடியில் சிலந்தி நூல் போல வெள்ளை இழைகள் ஓடிக்கிடந்தன. பங்கஸ். முன் கண்ணாடியில் என்றால் கழற்றித் துடைத்துவிடலாம். நடுவில் இருக்கும் கண்ணாடிக் கூட்டத்தில் பிடித்துவிட்டால், பூச்சையே தின்றுவிடும், துடைத்தாலும் தழும்பு நிற்கும். அதற்குப் பிறகு நான் கரண்டை நம்பி மட்டும் லென்ஸை வைப்பதில்லை. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, அது நிறம் மாறும்போதெல்லாம் வாணலியில் வறுத்து மறுபடி போடுகிறேன். வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுக்கிறேன். புழங்குகிற லென்ஸில் பங்கஸ் வருவது குறைவு.

அதனால் இப்பக்கத்தில் செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது முதலில் டார்ச். பின்பக்கத்தில் அப்பர்ச்சர் நெம்புகோல் இருந்தால் அதைத் திறந்து பிடித்து, மொபைல் வெளிச்சத்தைப் பின்னாலிருந்து அடித்து முன்னால் பார்க்க வேண்டும், பிறகு முன்னாலிருந்து அடித்துப் பின்னால். ஜூம் வளையத்தைக் காதோரம் வைத்து மெதுவாகத் திருப்ப வேண்டும், மணல் இருந்தால் நறநறக்கும். பிறகு சொந்தப் பாடியில் மாட்டி, சுவரில் ஒட்டிய நாளிதழ்ப் பக்கத்தை 2.8-ல், 200-ல் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ விழுகிற ஜோடிகள் டிஎஸ்எல்ஆரில் உண்டு. 7டி, டி7000 போன்ற பாடிகளில் அதைத் திருத்தும் வசதி இருக்கிறது, ஆரம்பநிலைப் பாடிகளில் இல்லை. கடைக்காரர் கேமராவில் நன்றாக வந்தது என்பதற்காக உங்கள் கேமராவிலும் வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புதிது என்றால், எங்கள் ஊருக்கு ஹாங்காங் உண்டு. ரத்தினக்கல் வியாபாரத்துக்குப் போன காயல்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கிறார்கள். சிம் ஷா சுய் பகுதியின் கேமராக் கடைகள் அவர்கள் நடந்துபோகிற தூரம். விற்பனை வரி கிடையாது. அதனால் சென்னைக்கு வருவதற்கு முன்பே சில லென்ஸ்களை நாங்கள் இங்கே கையில் பிடித்துப் பார்த்ததுண்டு. விலை குறைவு, ஆனால் வாரண்டி இங்கே செல்லாமல் போகலாம். மோட்டார் போனால் செலவு முழுக்க நம் தலையில். டெலி ஜூமில் மோட்டாரும் ஸ்டெபிலைசரும் விலை கூடிய பாகங்கள். மச்சான் வாங்கி வந்தார் என்று பில் இல்லாமல் வைத்திருந்தவர்கள் பிற்பாடு விற்கப் போனபோதும் விலை போகவில்லை.

திருச்செந்தூர் சூரசம்ஹாரம் வேறு கணக்கு. ஐப்பசி, மழை மேகம், கடற்கரை முழுக்கத் தலைகள். ஜெயந்திநாதர் எழுந்தருளி யானைமுகன், சிங்கமுகன், சூரன் என்று ஒவ்வொருவராக வதம் முடித்து, சூரன் மாமரமும் சேவலுமாக மாறுகிறபோது வெயில் கோயிலுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும். நாம் நிற்பது தடுப்புக்கு இப்பால் பரணில். ஒருமுறை ஏறினால் முடியும்வரை இறங்க முடியாது. மணல் பறக்கிற அந்த இடத்தில் லென்ஸ் மாற்ற நினைக்கவே கூடாது. அங்கே 70-200-ம் கிராப் பாடியும் சேர்ந்தது போல ஒரு ஜோடி கிடையாது. 50-150 வைத்து எடுத்தால் வேல் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

கொம்புத்துறையில் இதற்கு நேர்மாறு. விடியக்காலையில் வள்ளம் கரையேறும்போது தூரத்தில் நின்று டெலியைத் தூக்கினால், "அங்க நின்னுக்கிட்டு என்னத்த எடுக்கீய அண்ணாச்சி, வலைகிட்ட வாங்க" என்று கூப்பிட்டுவிடுவார்கள். கூப்பிடுகிறவர்களை எட்ட நின்று எடுப்பது மரியாதையும் இல்லை, படமும் நன்றாக வராது. 35 மி.மீ. போதும். உப்பளத்துப் பூநாரைக்கோ 200 எந்த வகையிலும் பற்றாது. 1.4 கன்வெர்ட்டர் போட்டால் 2.8 லென்ஸ் எஃப்/4 ஆகிறது, 2 மடங்கு போட்டால் 5.6 ஆகிறது. பறவைக்காக மட்டும் 70-200 எஃப்/2.8 வாங்குகிறேன் என்று வருகிறவர்களை, 150-600 பக்கம் போகச் சொல்லிவிடுவேன்.

டெலி லென்ஸ் வைத்திருப்பவனுக்கு எங்கள் ஊரில் இன்னொரு பொறுப்பும் உண்டு. பெண்கள் நடமாடுவதற்கென்றே வீடுகளுக்கு நடுவே முடுக்கு விட்டுக் கட்டிய ஊர் இது. மாலையில் கடற்கரையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். எட்டாத தூரத்தை எட்டுகிற கண்ணாடியை அங்கே கையில் எடுத்துக்கொண்டு நிற்பதே ஒருவரைச் சங்கடப்படுத்தும். மாடியில் ஏறி டெலியை மாட்டுவதில்லை என்பது நானே எனக்கு வைத்துக்கொண்ட விதி. கடலை எடுக்கும்போது முதுகைக் கூட்டத்துக்குக் காட்டித் தண்ணீரைப் பார்த்து நிற்பேன். எந்தப் படம் யார் கையில் போகும் என்று சொல்ல முடியாத இந்த மொபைல் காலத்தில், இந்த விதியைப் பையன்களிடம் முன்னைவிட அழுத்திச் சொல்கிறேன். ஊர் நம்மை உள்ளே விடுவது இந்த நம்பிக்கையில்தான்.

இப்போது கேமராக்கள் மாறிவிட்டன. ஐஎஸ்ஓ 1600-க்கு மேல் போனால் மாவு தூவியது போல வந்த காலம் போய், 6400-ல் ஆல்பம் அடிக்கலாம் என்று ஆகிவிட்டது. அதனால் பகல் கல்யாணம் மட்டும் எடுக்கிறவருக்கு 70-200 எஃப்/4 தாராளம். கேனனில் ஸ்டெபிலைசர் சேர்ந்ததே முக்கால் கிலோதான். மிரர்லெஸ்ஸில் ஃபோகஸ் முன்பின் விழுகிற தொல்லை போய்விட்டது. கிராப் பாடியைக் கடைசிவரை மதித்து அதற்கென்றே 2.8 டெலி ஜூமை வைத்திருப்பது ஃபுஜி. அதன் 50-140, ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவு, உள்ளுக்குள் ஜூம், ஈரத்துக்கு ரப்பர் அடைப்பு. இந்தக் கடற்கரைக்கென்றே செய்தது போல இருக்கிறது. சோனி கிராப் பாடிக்காரர்களுக்கு 2020-ல் வந்த டாம்ரான் 70-180 எஃப்/2.8, 810 கிராம். இலேசானது, ஆனால் ஜூமில் மூக்கு நீளும், மணலில் கவனம் வேண்டும்.

ஆகவே கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது. உங்கள் சோறு நிக்காஹும் கல்யாண மண்டபமும் என்றால் 50-ல் தொடங்கும் லென்ஸ் எடுங்கள், ஃபுஜி இருந்தால் 50-140, பழைய நிக்கான், கேனன் இருந்தால் பங்கஸ் இல்லாத சிக்மா 50-150. மைதானமும் திருவிழாவும் என்றால் 70-200 எஃப்/2.8, ஸ்டெபிலைசர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் உங்கள் பாடியில் ஃபோகஸ் மோட்டார் ஓட வேண்டும். இரண்டும் உண்டு என்றால், வருமானம் எதில் அதிகமோ அதற்கு வாங்குங்கள், மற்றதற்கு வாடகைக்கு எடுங்கள். எதை வாங்குவதானாலும் காசைக் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, நீங்கள் வழக்கமாக நிற்கிற தூணோரத்தில் நின்று பாருங்கள். கடையில் கேட்டால் தருவார்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.